மூளையில் கருவி பொருத்தும் ஆய்வுக்கு அழைக்கிறார்களா? கையெழுத்துக்கு முன் இதையெல்லாம் கேளுங்கள்

ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்த அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேட்டு வாங்குங்கள், புரிகிற மொழியில் தர வேண்டியது அவர்கள் கடமை. அப்புறம் வீட்டில் யார் கேள்வி மேல் கேள்வி கேட்பாரோ அவரிடம் படிக்கக் கொடுங்கள். வலிப்பு, பார்கின்சன் என்ற நடுக்க நோய், தண்டுவடக் காயம் என்று வருடக்கணக்கில் அவதிப்பட்ட ஒருவரிடம் "புதுசா ஒரு கருவி வந்திருக்கு" என்று சொன்னால் மனசு தாவத்தான் செய்யும். அந்த நேரத்தில்தான் கேட்க வேண்டியதெல்லாம் விட்டுப்போகிறது.

முதலில் இது சிகிச்சையா, ஆய்வா என்று நேராகக் கேளுங்கள். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்தூண்டல் தரும் டிபிஎஸ், பார்கின்சனுக்கு அமெரிக்காவில் 2002-லேயே அனுமதி பெற்றது; நம் ஊர் பெரிய மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள், அது சிகிச்சை. அதே கம்பியை மனச்சோர்வுக்கு வைத்தால் அது இன்னும் ஆராய்ச்சிதான். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளை சிடிஆர்ஐ என்ற பதிவேட்டில் பதிய வேண்டும், 2009-லிருந்து இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது. ஆய்வுக்கான செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, இப்போது பலர் கேட்காமல் விடும் கேள்விக்கு வருகிறேன். ஆய்வு முடிந்த பிறகு, அல்லது கம்பெனியே மூடிவிட்டால், என் தலைக்குள் இருக்கும் கருவிக்கு யார் பொறுப்பு?

மெல்போர்னில் 2010-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் 15 பேருக்கு, வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியை மூளையில் பொருத்தினார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு அது வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்தது. எச்சரிக்கை வந்ததும் மருந்து எடுத்துக்கொள்வார், தைரியமாக வெளியே போய் வருவார், கருவி தன்னில் ஒரு பகுதி என்றே உணர்ந்தார். கருவியைச் செய்த நியூரோவிஸ்டா கம்பெனியிடம் பணம் தீர்ந்ததும் அதை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கிக்கொள்கிறோம் என்று அவரும் கணவரும் கேட்டுப் பார்த்தும் நடக்கவில்லை. அந்த ஆய்வில் கடைசியாகக் கருவியை எடுக்கச் சம்மதித்தவர் அவர்தான்.

இன்னொன்று ஆர்கஸ் 2. பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகளை வைத்து வெளிச்சப் புள்ளிகளாவது தெரியச் செய்யும் கருவி. இது அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்று, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்தப்பட்டது. அதைச் செய்த செகண்ட் சைட் கம்பெனி 2019-ல் அதைக் கைவிட்டது, அடுத்த ஆண்டு பெரும்பாலான ஊழியர்களை அனுப்பியது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது, பழுது பார்க்க ஆள் இல்லை. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்லக்கூட ஆள் இல்லாமல் சிலர் தவித்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இந்தப் பகுதியை இவ்வளவு நீட்டுகிறேன்.

எனவே ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆய்வு முடிந்தபின் கருவியை வைத்துக்கொள்ளலாமா? பேட்டரி தீர்ந்தால் மாற்றும் செலவு யாருடையது? எடுக்க வேண்டி வந்தால் அந்த ஆபரேஷன் செலவு? எம்ஆர்ஐ எடுக்கலாமா? கருவியின் தூண்டல் அளவுகளை மாற்றியமைக்க வேறு எந்த மருத்துவமனைக்காவது தெரியுமா? வாயால் சொல்லும் "பார்த்துக்கலாம்" போதாது, படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது. மூளையைத் தூண்டும் கருவி சிலருக்குக் குணத்தையும் மாற்றும். நெதர்லாந்தில் 62 வயது பார்கின்சன் நோயாளி ஒருவரைப் பற்றி 2004-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். தூண்டல் ஓடினால் உடம்பு அசையும், ஆனால் மிதமிஞ்சிய பரபரப்பில் கடன் மேல் கடன் வாங்குவார், மருத்துவமனையில் அடைத்து வைக்க வேண்டியிருந்தது. நிறுத்தினால் மனம் தெளியும், ஆனால் படுத்த படுக்கை. தூண்டலை நிறுத்தி அவர் தெளிவாக இருந்தபோது அவரிடமே கேட்டார்கள், தூண்டலோடு மனநலப் பிரிவில் இருப்பதையே தேர்ந்தெடுத்தார். உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் எந்த நேரத்து உங்கள் பேச்சைக் குடும்பம் கேட்க வேண்டும்? பணம், சொத்து விஷயத்தில் யார் பார்த்துக்கொள்வது? ஆபரேஷனுக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள், மருத்துவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

மூளையிலிருந்து எடுக்கும் தரவு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். சிலி நாட்டில் எமோடிவ் என்ற கம்பெனியின் தலையில் மாட்டும் கருவி சேமித்த ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தரவை அழிக்கச் சொல்லி 2023-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. நீங்கள் பாதியில் விலகினால் அதுவரை எடுத்த தரவு என்ன ஆகும் என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை உங்களுக்கு மறுக்கக் கூடாது.

கடைசியாக, படிவத்தில் ஆய்வை மேற்பார்க்கும் மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கிறதா பாருங்கள். அந்தக் குழுவில் மருத்துவர் அல்லாத சாதாரண மனிதர் ஒருவரும் சட்டம் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். சேருவதற்கு முன்பே ஒரு தடவை அந்த எண்ணுக்குப் போன் போட்டு, ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு எப்படிக் கிடைக்கும் என்று கேளுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால், எடுக்கும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.