தகரமும் தாளும்: பழைய அமெரிக்கக் கார் விளம்பரங்களைப் படிப்பது எப்படி?

“நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருந்த வண்டி. சின்ன வேலைதான் பாக்கி. டைட்டில் கிடையாது, விற்பனைச் சீட்டு எழுதித் தருவேன். அடிமாட்டு விலைக்குக் கேட்டு வராதீர்கள், இதன் மதிப்பு எனக்குத் தெரியும்.”

அமெரிக்காவில் பழைய கார் தேடி ஒரு வாரம் விளம்பரங்களை மேய்ந்தால் இந்த நான்கு வரிகளை நாற்பது தடவை படித்துவிடுவீர்கள். முதல் வரிக்கு அர்த்தம்: நிறுத்தி எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது: அது உண்மையிலேயே சின்ன வேலையாக இருந்தால் அவரே முடித்துவிட்டு ஆயிரம் டாலர் சேர்த்துக் கேட்டிருப்பார். நான்காவது: டிவியில் கார் ஏலம் பார்த்துவிட்டு விலை வைத்திருக்கிறார். மூன்றாவது வரியில்தான் நான் சூடுபட்டேன் (டைட்டில் என்பது வண்டியின் உரிமைப் பத்திரம்), அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இருப்பது ஒஹாயோவில். வேலைக்கு வந்த நம் ஆட்கள் வழக்கமாக வாங்கும் ஜப்பான் காரோடு நானும் அடங்கியிருக்கலாம். ஆனால் நீளமான பானட்டும், சோபா மாதிரி முன்சீட்டும் உள்ள பழைய டெட்ராய்ட் கார்கள் மேல் எனக்கு ஒரு பித்து. மூன்று வண்டி வாங்கி, அதில் ஒன்றில் ஏமாந்து கற்றுக்கொண்டதை, முதல்முறை தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாவற்றுக்கும் பாகம் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார். துருப்பிடித்த தகரமும் கோளாறான தாளும்தான் வண்டி விலையை மிஞ்சிச் செலவு வைக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டைச் சுற்றியே.

படி 1: எந்த வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மஸ்டாங், கமாரோ, கார்வெட் என்று தேடினால் எல்லோரும் தேடும் இடத்தில் போய் நிற்பீர்கள். 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங், ஃபோர்டு ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. அதே காலத்து நான்கு கதவு ஃபால்கன் இன்றும் மஸ்டாங்கின் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். இந்தச் சந்தையில் இரண்டு கதவு கூடினால் விலை இறங்கும், அவ்வளவுதான் சூட்சுமம். டாட்ஜ் டார்ட், பிளிமத் வேலியன்ட் இரண்டும் அப்படித்தான். அவற்றில் வரும் சாய்ந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் கழுதை மாதிரி உழைக்கும். பானட்டைத் திறந்தால் 30 டிகிரி ஒருக்களித்துப் படுத்திருக்கும்.

தினம் ஓட்ட வேண்டும் என்றால் 1990களுக்கு வாருங்கள். ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, அதன் உடன்பிறப்பு மெர்க்குரி கிராண்ட் மார்க்கீ, லிங்கன் டவுன் கார் மூன்றும் தனி சேஸிஸ் சட்டத்தின் மேல் உடல் வைத்துக் கட்டியவை. 2011 வரை செய்தார்கள். போலீசும் டாக்ஸியும் லட்சக்கணக்கில் ஓட்டியதால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. 3800 என்று பெயர்பெற்ற வி6 எஞ்சின் உள்ள பியூக் லசேபர் என் செல்லம். இங்கே அதற்குத் தாத்தா கார் என்று பெயர்.

ஓல்ட்ஸ்மொபீல் 2004இலும், பான்டியாக் 2010இலும், மெர்க்குரி 2011இலும் நின்றுவிட்டன. இவற்றின் எஞ்சின் பாகங்கள் உடன்பிறந்த மற்ற பிராண்டுகளிலிருந்து கிடைத்துவிடும். ஆனால் உடைந்த பின்விளக்குக் கண்ணாடிக்குப் பழைய இரும்புக் கடையாக ஏறி இறங்க வேண்டும்.

படி 2: எங்கே தேடுவது

கிரெய்க்ஸ்லிஸ்ட் 1995இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒருவர் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியது. தோற்றத்தில் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறது. ஊர் ஊராகப் பிரிந்திருக்கும், ‘உரிமையாளர் விற்பது’ என்ற வடிகட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் சரக்கு அதிகம், குப்பையும் அதிகம். 1954இலிருந்து வெளிவரும் ஹெமிங்ஸ் முழுக்கப் பழைய கார்களுக்கானது. விலை கொஞ்சம் கூட, ஆனால் விற்பவர்களுக்கு விஷயம் தெரியும். பிரிங் எ டிரெய்லர் ஏலத் தளத்தில் வாங்க வேண்டியதில்லை. முடிந்த ஏலங்களில் எது எவ்வளவுக்குப் போனது என்று பார்க்கவாவது போங்கள். கேட்கும் விலை வேறு, போன விலை வேறு. ஹாகர்டி நிறுவனத்தின் விலைக் கருவி வண்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கும். நன்றாக ஓடும் சாதாரண வண்டி மூன்றாம் தரம். விற்பவர் எல்லோரும் தங்களுடையது இரண்டு என்றுதான் சொல்வார்கள்.

தேடலில் ஒரு குறுக்குவழி: கமாரோவை ‘கேமரோ’ என்று தப்பாக எழுதுகிறவர்கள் ஏராளம். சரியான எழுத்தில் தேடுகிறவர் கண்ணில் அந்த விளம்பரம் படாது, போட்டியும் இருக்காது. கேடிலாக்கில் ஒரு எழுத்தை விழுங்கியும் தேடிப் பாருங்கள். அப்புறம், “அப்பாவின் கார்” என்று மகனோ மகளோ எழுதிய விளம்பரங்களைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலும் அப்பா இறந்திருப்பார், வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பார்கள். எண்ணெய் மாற்றிய ரசீதெல்லாம் ஒரு உறையில் அடுக்கியிருக்கும். என் லசேபர் அப்படி வந்ததுதான். அங்கே மட்டும் நான் பேரம் பேசவில்லை.

படி 3: படங்களைப் படியுங்கள்

மாட்டுச் சந்தையில் சுழியும் பல்லும் பார்ப்பது போல இங்கே துரு பார்க்க வேண்டும். மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அது வண்டியைக் கீழிருந்து தின்னும். அரிசோனா வண்டியில் டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருக்கும், சீட் கிழிந்திருக்கும். கிழிந்த சீட்டைத் தைத்துவிடலாம்.

சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, டிக்கியின் தரை, பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு. பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. வினைல் கூரை போட்ட வண்டியில் வினைலின் ஓரம் உப்பியிருந்தால் அடியில் துரு. அடிப்பக்கம் புதிதாகக் கருப்பு பூசியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றி எடுத்த படமென்றால் மங்கிப்போன பெயின்ட்டும் பளபளக்கும்.

படத்தில் என்ன இல்லை என்பதும் முக்கியம். பன்னிரண்டு படம் போட்டு வலது பக்கம் ஒன்றுகூட இல்லையென்றால் வலது பக்கம் அடி வாங்கியிருக்கலாம். ஜூலை மாத விளம்பரத்தில் வண்டியைச் சுற்றிப் பனி கிடந்தால், ஆறு மாதமாக விலைபோகவில்லை. அங்கே பேரத்துக்கு இடமுண்டு.

மைல் மீட்டரை நம்பாதீர்கள். பழைய வண்டிகளில் ஐந்து இலக்கம்தான், 99,999க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். 43,000 என்று காட்டுவது 1,43,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தால் அது உண்மையைச் சொல்லிவிடும். 2010 வரைக்குமான மாடல்களுக்கு விற்கும்போது மைலேஜை அறிவிக்க வேண்டிய கட்டாயமும் மத்தியச் சட்டத்தில் இல்லை.

படி 4: வின் எண்

ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண். வண்டிக்கு ஜாதகம் இதுதான். 1981 மாடலிலிருந்து எல்லா வண்டிக்கும் 17 இடம். இடமிருந்து பத்தாவது எழுத்து மாடல் வருடம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறைத் தளத்தில் இந்த எண்ணை இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். திருட்டு வண்டியா, விபத்தில் கழித்ததா என்று பார்க்க காப்பீட்டுக் குற்றத் தடுப்பு அமைப்பின் ‘வின்செக்’ இருக்கிறது, அதுவும் இலவசம்.

1981க்கு முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. ஒரு 1965 மஸ்டாங்கில் ‘5 எஃப் 07 சி’ என்று தொடங்கிப் பின்னால் ஆறு இலக்கம் இருக்கிறது என்று வையுங்கள். 5 என்றால் 1965, எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை, 07 என்றால் சாதாரணக் கூரை, சி என்றால் 289 கன அங்குல வி8. சி இருக்கும் இடத்தில் டி (T) இருந்தால் தொழிற்சாலையிலிருந்து ஆறு சிலிண்டரோடு வந்த வண்டி. விளம்பரத்தில் “அசல் வி8” என்றிருந்து எண்ணில் டி இருந்தால் பிற்பாடு மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மாற்றியது குற்றமில்லை, அசல் விலை கேட்பதுதான் குற்றம்.

பான்டியாக் ஜிடிஓவிலும் இதே வேலை நடக்கும். 1966 முதல் 1971 வரை அசல் ஜிடிஓவின் எண் 242 என்றுதான் தொடங்கும். 237 என்றிருந்தால் அது லெமான்ஸ் காருக்கு ஜிடிஓ வேஷம். 1969 முதல் 1972 வரையிலான ஷெவெல் காரின் எஸ்எஸ் ரகத்தை வாங்குகிறவர்களுக்கு இந்த வசதியில்லை. எண்ணில் எஸ்எஸ் தெரியாது, பழைய காகிதங்களைத்தான் கேட்க வேண்டும்.

படி 5: டைட்டில்

நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே உரிமை முழுக்க அந்த ஒற்றைத் தாளில்தான். ‘கிளீன்’ என்றால் பிரச்சினையில்லை. ‘சால்வேஜ்’ என்றால் காப்பீட்டுக் கம்பெனி கழித்துவிட்ட வண்டி. ‘ரீபில்ட்’ என்றால் கழித்ததைச் சரிசெய்து பரிசோதனை முடித்தது. கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர் பெயரும் டைட்டிலில் இருக்கும்.

இனி என் கதை. இரண்டாவதாக வாங்கியது ஒரு டார்ட். தகரம் அருமை, விலையும் படிந்தது. டைட்டிலில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறது, உங்கள் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார் விற்றவர். நானும் சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மாவட்ட டைட்டில் அலுவலகத்தில் அந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் உள்ள பெயர் யாருடையது?” என்றார். கையெழுத்து எனக்கு விற்றவருடையதே இல்லை. அவர் வேறொருவரிடம் வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமல் என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார். ஒஹாயோவில் விற்பவர் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் நடக்கவில்லை. தாளில் இருந்த அசல் உரிமையாளரைத் தேடிப் பிடித்து, நோட்டரியிடம் கூட்டிப் போக நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை டார்ட் என் கொட்டகையில் பொம்மை.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: “டைட்டில் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கிறதா?” டைட்டில் இல்லை என்றாலே திருட்டு என்றும் ஓடிவிட வேண்டாம். நியூயார்க்கில் 1972 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு டைட்டிலே கிடையாது, பதிவுச் சான்றுதான் உரிமைக்கு அத்தாட்சி. “வெர்மான்ட்டில் பதிந்துகொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, வெளிமாநிலத்தாருக்கு இருந்த அந்தச் சந்தை 2023இல் அடைபட்டுவிட்டது. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் புகைச் சோதனையையும் பாருங்கள்: 1975 வரைக்கும் விலக்கு, 1976 முதல் உண்டு.

படி 6: பேசுங்கள்

இரண்டே குறுஞ்செய்தியில் போன் பேச்சுக்கு மாறிவிடுங்கள். பேச மறுக்கிறவர், ராணுவப் பணியில் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்கிறவர், மூன்றாம் ஆளிடம் பணத்தைக் கட்டச் சொல்கிறவர், கிஃப்ட் கார்டு கேட்கிறவர், உங்கள் போனுக்கு வந்த குறியீட்டைச் சொல்லச் சொல்கிறவர் எல்லோரும் ஒரே கூட்டம். சந்தை விலையில் பாதிக்கு இருந்தால் வண்டியே இருக்காது. இன்னொரு சோதனை: எந்தக் கார் என்று சொல்லாமல் “நீங்கள் விற்கும் கார் விஷயமாக” என்று ஆரம்பியுங்கள். “எந்தக் கார்?” என்று கேட்டால் சொந்தக்காரர் வேஷம் போட்ட தரகர்.

படி 7: நேரில் பாருங்கள்

வரும்வரை எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அவர் எதையோ மறைக்கிறார். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அது பெரிய விஷயமில்லை. ஃபிரிட்ஜ் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகரத்தில் ஒட்டும், பட்டி பார்த்த இடத்தில் வழுக்கி விழும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2308 என்றால் 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. டிரெய்லர் வாடகைக்கு எடுங்கள். பணத்தை அவருடைய வங்கியிலேயே வைத்துக் கொடுத்தால் கள்ளச் செக் என்ற பயம் அவருக்கும் இல்லை, கொள்ளை பயம் உங்களுக்கும் இல்லை. நம்பர் பிளேட்டை ஒஹாயோவில் விற்றவரே கழற்றிக்கொள்வார், அதனால் தற்காலிகப் பதிவு வாங்காமல் ஓட்டி வர முடியாது. வீட்டுக்கு வந்ததும் ரப்பர் பெட்ரோல் குழாய்களை முதலில் மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். என் டார்ட்டில் அந்தக் குழாயை விரலால் அழுத்தினேன், பழைய முறுக்கு மாதிரி நொறுங்கி விழுந்தது.