அந்தமானில் ஒரு நாள் படகெடுத்துப் பெரும்பாரை மீன் பிடிக்க

படகை அமர்த்தும்போதே கேப்டனிடம் இரண்டு கேளுங்கள்: ராடும் ரீலும் வாடகையில் அடக்கமா, தூண்டில் உரிமம் யார் பொறுப்பு? டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி.

ரீலில் பிஇ 8 தடிமனுள்ள பின்னல் தூண்டில் நரம்பு 300 மீட்டராவது இருக்கட்டும். முனையில் 170 பவுண்டு தாங்கும் தங்கூசி லீடர் (நரம்பின் நுனியில் கட்டும் தடித்த துண்டு), 2 மீட்டர் போதும். இரண்டையும் எஃப்ஜி முடிச்சால், அதாவது பின்னலை லீடர்மேல் மாறி மாறிச் சுற்றிப் போடும் முடிச்சால், இணையுங்கள். மீன் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். சுற்றுகள் இறுகாவிட்டால் பின்னல் வழுக்கி உருவிக்கொண்டு வரும். நரம்பை நனைத்து, கையுறை போட்டு, நிறம் கருக்கும்வரை இழுத்து இறுக்குங்கள். டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கிப் பிடித்து விடும் ரீலின் பிடிமானம்) கண்ணால் மதிப்பிடாமல் தொங்கு தராசில் இழுத்துப் பார்த்து 10 கிலோவுக்கு வையுங்கள்.

நீரோட்டம் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) மோதும் பக்கம்தான் பாரை நிற்கும். 150 கிராம் பாப்பரை (நீர்மேல் சத்தமெழுப்பும் செயற்கை இரை) வீசி, ராடின் முனையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஓங்கி இழுங்கள். இரண்டு நொடி விட்டு மறுபடி. தண்ணீர் வெடித்ததும் வெட்டி இழுப்பது எல்லோருக்கும் வரும் கைப்பழக்கம், பாப்பர் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கனம் கையில் தெரிந்தபின் கொக்கியைப் பதியுங்கள்.

முதல் அரை நிமிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். பாருக்குள் நுழைந்தால் நரம்பு அறுந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ராடைச் செங்குத்தாகத் தூக்கினால் முனை முறியும்.

முள் இல்லாத ஒற்றைக் கொக்கி மாட்டினால் விடுவிப்பது எளிது. வயிற்றைத் தாங்கிப் பிடித்து ஒரு படம், உடனே தலை முன்னாலிருக்கத் தண்ணீருக்குள்.