டீசலா, பெட்ரோலா? கூடுதல் விலை எத்தனையாவது கிலோமீட்டரில் திரும்பும் எனக் கணக்கிடும் முறை

புதிய கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் பங்கின் விலைப்பலகையைப் பார்த்துவிட்டே டீசலா பெட்ரோலா என்று முடிவெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். லிட்டருக்கு எவ்வளவு குறைவு என்பதை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க இயலாது. டீசல் வண்டிக்காக முதலில் கொடுக்கும் கூடுதல் தொகை எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு ஈடாகும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கணக்கில் எல்லாத் தொகைகளையும் "இத்தனை லிட்டர் பெட்ரோலின் விலை" என்றே எழுதப் போகிறேன். எரிபொருள் விலை ஏறினாலும் இறங்கினாலும் கணக்கின் அமைப்பு மாறாது என்பதால் இந்த முறையே எனக்கு வசதியாக இருக்கிறது.

படி 1: இப்போதைய வண்டி உண்மையில் குடிக்கும் எரிபொருளை அளத்தல்

டேங்கை நிரப்பி, நாசில் முதன்முறை தானாக நிற்கும்போது நிறுத்திவிட்டு, ஓடோமீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஊற்றிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் எழுதுங்கள். குறைந்தது மூன்று டேங்குகளுக்காவது இப்படிச் செய்ய வேண்டும். இதற்கென்று செயலிகள் பல உண்டு. ஆனால் டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் ஒரு சிறு நோட்டும் பேனாவும் எனக்கு அவற்றைவிட நம்பகமாக இருந்தன. டேஷ்போர்டுத் திரை காட்டும் சராசரியை இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இன்ஜின் கணிப்பொறியின் மதிப்பீடே தவிர, பங்கில் அளந்து ஊற்றிய லிட்டர் அல்ல.

படி 2: சராசரி எடுத்தல் (நான் தடுக்கி விழுந்த இடம்)

நகருக்குள் 300 கிலோமீட்டர் ஓட்டியபோது லிட்டருக்கு 10 கிலோமீட்டரும், நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் ஓட்டியபோது 20 கிலோமீட்டரும் கிடைத்தன. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, மைலேஜ் 15 என்று எழுதிவைத்தேன். அந்த எண் சரியென்றால் 600 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் போதும். ஆனால் நகரில் 30, நெடுஞ்சாலையில் 15 என மொத்தம் 45 லிட்டர் ஊற்றியிருந்தேன். காணாமற்போன அந்த 5 லிட்டரை இரண்டு நாட்கள் தேடி, டேங்கில் கசிவு இருக்குமோ என்று வண்டிக்கு அடியில் படுத்துக்கூடப் பார்த்தேன். கசிவு என் கணக்கில்தான் இருந்தது. மைலேஜ் எண்களை நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்த லிட்டரை மொத்தத் தூரத்தால் வகுக்க வேண்டும். ஆகவே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே எழுதிப் பழகுங்கள். என் வண்டிக்கு அது 7.5 லிட்டர்.

இப்படி எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மைலேஜ் 10-லிருந்து 12 ஆனால் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.7 லிட்டர் மிஞ்சும். 20-லிருந்து 24 ஆனால் 0.8 லிட்டர்தான் மிஞ்சும். "லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூட" என்ற விற்பனைப் பேச்சு எவ்வளவு பெறும் என்பதை இந்த அளவில்தான் காண முடியும்.

படி 3: டீசலுக்கான எண்

சொந்தமாக ஓட்டிப் பார்க்காத வண்டியின் எண்ணைப் பெற, ஒரே மாடலின் டீசல், பெட்ரோல் வகைகளுக்கு நிறுவனம் அறிவித்துள்ள சோதனை அளவுகளை எடுத்து, அவற்றின் விகிதத்தை மட்டும் பயன்படுத்துங்கள். டீசல் ஐந்தில் நான்கு பங்கு குடிக்கிறது என்றால், என் 7.5 லிட்டர் 6 லிட்டராகும். இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி எரிபொருளிலேயே இருக்கிறது: ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான ஆற்றல் உண்டு. எஞ்சியது, காற்றை மிகுதியாக அழுத்துவதாலும், காற்று செல்லும் வழியைத் திராட்டில் எனும் வால்வைக் கொண்டு அடைக்காமல் ஓடுவதாலும் டீசல் இன்ஜினுக்குக் கிடைக்கும் திறன்.

படி 4: ஈடாகும் தூரம்

டீசலின் விலை பெட்ரோலின் விலையில் 0.9 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 6 லிட்டர் டீசலின் விலை 5.4 லிட்டர் பெட்ரோலின் விலைக்குச் சமம், 7.5-இல் அதைக் கழித்தால் 100 கிலோமீட்டருக்கு 2.1 லிட்டர் மிஞ்சுகிறது. டீசல் வண்டியின் கூடுதல் விலை 1,500 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்றால், அது ஏறத்தாழ 71,000 கிலோமீட்டரில் ஈடாகும். சர்வீஸ் செலவு 100 கிலோமீட்டருக்கு 0.3 லிட்டர் அளவுக்குக் கூடும் என்றால் மிச்சம் 1.8 ஆகக் குறைந்து, தூரம் 83,000-ஐத் தாண்டும். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது மூன்றரை ஆண்டுக்கும் குறைவு; 8,000 கிலோமீட்டர் ஓட்டும் எனக்குப் பத்தாண்டுக்கும் மேல். மறுவிற்பனையில் டீசல் வண்டிக்குக் கூடுதல் விலை கிடைக்குமென்றால் அதை 1,500-இலிருந்து கழித்துவிடுங்கள்.

படி 5: விலை விகிதத்தை அசைத்துப் பார்த்தல்

இதைத் தவறவிடக் கூடாது. சர்வீஸ் செலவை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், இரு எரிபொருள்களும் ஒரே விலைக்கு வரும்போது ஈடாகும் தூரம் 1,00,000 கிலோமீட்டராகும். டீசல் பத்து விழுக்காடு கூடினால் 1,66,000-ஐத் தாண்டிவிடும். இது வெறும் கற்பனையல்ல. லாரிகள், கப்பல்கள், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் என டீசல் வகை எரிபொருளுக்குப் போட்டியிடுவோர் பலர் என்பதால் அதன் விலை பெட்ரோலைப் பின்பற்றியே நகர்வதில்லை; 2022-இல் ரஷ்யா-உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் டீசல் பெட்ரோலைவிட விலை கூடியதாக இருந்தது. இந்த எண்களைக் கண்ட பிறகுதான் நான் பெட்ரோல் வண்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் சுட்டிக்காட்டிய இரண்டு சிக்கல்கள்

நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர், கணக்கு டீசலுக்குச் சாதகமாக வந்தாலும் தயங்க வேண்டும். புகைக்குழாயிலுள்ள துகள் வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. குறுகிய ஓட்டங்களில் அந்தச் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுபோவதால், வடிகட்டி அடைபடுவதோடு, எரியாத டீசல் இன்ஜின் ஆயிலிலும் கலக்கக்கூடும். ஒரு வடிகட்டியை மாற்றும் செலவு பல ஆண்டு மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

மற்றொன்று எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், பத்து விழுக்காடு கலந்த பெட்ரோலில் ஆற்றல் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. கலப்பு விகிதம் மாறுவதற்கு முன் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு கணக்கிடுபவர், படி 1-க்குத் திரும்பிப் புதிதாக மூன்று டேங்குகளை அளந்த பிறகே தொடர வேண்டும்.