பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குக் கல்லூரி இடமும் பணமும்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கான செய்முறை

மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) இரண்டையும் தவிர, கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவைப்படும் எல்லாத் தாள்களையும் பரீட்சைக்கு முன்பே வாங்கிவிடலாம். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் ரிசல்ட் வந்த மறுநாள்தான் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். கட்-ஆஃப் நன்றாக இருந்தும் சான்றிதழ் கைக்கு வராததால் பொதுப் பிரிவில் நிற்க நேர்ந்த பிள்ளைகள் உண்டு. அதனால் பொங்கல் லீவு முடிந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

1. முதலில் பெயர், ஃபோன், வங்கிக் கணக்கு

ஆதார், பள்ளிப் பதிவு, சாதிச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் ‘க. முருகேசன்’, இன்னொன்றில் ‘முருகேசன் கந்தசாமி’ என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் பிழையோடு அச்சாகிவிட்டால் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

ஃபோன் எண் வீட்டில் ஒருவருடையதாகவே இருக்கட்டும். விண்ணப்பிக்கும் மையத்துக்காரரின் எண்ணையோ மின்னஞ்சலையோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஓடிபி, இட ஒதுக்கீட்டுத் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும். ஏற்காட்டில் சிக்னல் சரியாக எடுக்காத ஊர்க்காரர்கள், சிம் வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்தே பதிவு செய்யுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். ‘ஆதார் கொடுத்திருக்கிறேன்’ என்பது போதாது. அரசுப் பணம் நேரடியாக ஏற வேண்டுமானால் அந்தக் கணக்கு, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. அமைப்பில் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ‘ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா?’ என்று இந்த வார்த்தையையே சொல்லி வங்கியில் கேளுங்கள். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். பணம் வரவில்லை என்று அலைகிறவர்களில் பலருக்கு அது பழைய கணக்கில்தான் கிடக்கும்.

2. சான்றிதழ்கள்

சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் ‘கேன்’ எண் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) பதிய வேண்டும். பிறகு கோப்பு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும்.

மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ஏற்காட்டுக் கோப்பு மலையிறங்கி சேலம் வர வேண்டும், நேரடி விசாரணையும் நடக்கும். வெறும் ஆதாரும் ரேஷன் கார்டும் வைத்து விண்ணப்பித்தால் திரும்பி வரவே வாய்ப்பு அதிகம். அப்பா, சித்தப்பா, அத்தை என்று அப்பா வழி இரத்த உறவில் யாருக்காவது ஏற்கெனவே கொடுத்த சான்றிதழ், பள்ளி டி.சி., அந்த உறவை விளக்கும் வம்சாவளி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று ஒப்புகை எண்ணை வைத்து வாராவாரம் பாருங்கள். மற்ற சான்றுகள் தாமதமானால் சமாளிக்கலாம். இது இல்லாமல் எஸ்.டி. இடமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். பிப்ரவரி, மார்ச்சில் வாங்கினால் சேர்க்கைக்கும் அந்த ஆண்டு உதவித்தொகைக்கும் சேர்த்து உதவும்.

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிராத வீட்டுக்குத்தான் முதல் பட்டதாரிச் சான்று. அக்கா ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்குக் கிடையாது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாமே இதில் அரசுப் பள்ளிதான். உதவி பெறும் பள்ளி சேராது. இடையில் ஒரே ஒரு ஆண்டு தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும். ஆர்.டி.இ. (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்) இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தார் என்பதற்கான போனஃபைட் சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

3. விண்ணப்பம்

அரசு கலை, அறிவியல் கல்லூரிக்குப் போகிறவர்கள் அதற்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். சேலம் அரசு கலைக் கல்லூரி, அரசு மகளிர் கலைக் கல்லூரி இரண்டும் அதில்தான் வரும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்தான் தரவரிசைக்கு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். விண்ணப்பம்தான் ஒரே தளம், கலந்தாய்வை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக நடத்தும். அன்றைக்கு நேரில் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கல்லூரியின் இணையதளத்தைத் தினமும் பாருங்கள்.

பொறியியலுக்கு டிஎன்இஏ என்ற மாநிலப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு. கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடுவார்கள்: கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதி. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 78 என்றால் 92 + 42 + 39 = 173.

இதில் பெரிய தவறு விருப்பப் பட்டியலில்தான் நடக்கிறது. கணினி பட்டியலை மேலிருந்து பார்த்து, முதலில் கிடைக்கும் இடத்தைக் கொடுத்துவிடும், அதற்குக் கீழே பார்க்காது. ‘இது கட்டாயம் கிடைக்கும்’ என்று சுமாரான கல்லூரியை மேலே வைத்தால் அதுதான் கிடைக்கும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரிதான் ஆசை என்றால், கட்-ஆஃப் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே முதலில் வையுங்கள். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பத்தோடு நிறுத்திவிட்டு ஒன்றும் கிடைக்காமல் நிற்காதீர்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கும் கல்லூரிகள் நிறைய, கல்லூரி எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்வதை உறுதி செய்யாவிட்டால் வந்த இடமும் போய்விடும்.

4. பணம்

கலந்தாய்வுக்கு முன்பே ‘அட்வான்ஸ் கட்டுங்கள், ஒரிஜினலைக் கொடுங்கள்’ என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் (கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் இடத்தில்) சேர்ந்தால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கிடையாது, எஸ்.சி., எஸ்.டி.க்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையும் கிடையாது. சேர்ந்த பிறகுதான் பல வீடுகளுக்கு இது தெரிகிறது.

போஸ்ட் மெட்ரிக் உதவிக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு இது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். இவை எல்லாவற்றுக்கும் கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம், அதனால் முதல் வாரமே அலுவலகத்தில் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள்.

இவ்வளவும் போக மிச்சம் இருக்கும் தொகைக்கு மட்டும் கல்விக் கடன் வாங்குங்கள். வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஒதுக்கீட்டு ஆணையும் கல்லூரி தரும் நான்காண்டுக் கட்டண விவரமும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் இல்லை, கையிலிருந்து பங்குத் தொகையும் இல்லை. வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்புப் படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும். அந்த மானியம் வேண்டும் என்று கடன் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். மேலாளர் மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் முறையிட அது உதவும்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது உதவித்தொகையைப் புதுப்பிக்க மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று அதற்குள் காலாவதியாகியிருக்கும், புதிதாக எடுத்து வையுங்கள்.