வேலூர் வானில் படச்சுழற்சிக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜவ்வாது மலையில் தொலைநோக்கியை நிறுத்திப் படமெடுக்கத் தொடங்கும் புதியவர்கள், படச்சுழற்சியை, அதாவது விண்மீனைப் பின்தொடரும்போது படம் தன் மையத்தைச் சுற்றித் திரும்புவதை, கணக்கிடுவதில் முன்னவர்கள் செய்த பிழைகளையே மீண்டும் செய்கிறார்கள். பாகையை ரேடியனாக மாற்ற மறப்பது போன்றவை விடையிலேயே வெளிப்பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிற நாட்டு அட்டவணையைப் பின்பற்றுவது

மேல்-கீழாகவும் இட-வலமாகவும் திரும்பும் ஆல்ட்-அசிமுத் மவுண்ட் (தாங்கி) விண்மீனைச் சரியாகப் பின்தொடர்ந்தாலும், படத்தின் மையம் மட்டும் நிலைத்திருக்க, மற்றவை அதனைச் சுற்றித் திரும்பும். அவ்வேகத்தை அறிய, மணிக்கு 15.04 பாகை என்பதை அட்சரேகையின் கொசைனாலும், வடக்கிலிருந்து அளந்த திசைக்கோணத்தின் கொசைனாலும் பெருக்கி, ஏற்றக்கோணத்தின் கொசைனால் வகுக்க வேண்டும். ஓரியன் நெபுலா தெற்கில் உச்சம் தொடும்போது லண்டனில் 33 பாகை உயரத்தில் நிற்கும். வேலூரிலோ ஏறத்தாழ 72 பாகை. எனவே அங்கே மணிக்குச் சுமார் 11 பாகையாக இருக்கும் சுழற்சி, இங்கே 47 பாகையை நெருங்குகிறது. மையத்திலிருந்து மூலை வரை 1,100 பிக்சல் கொண்ட கேமராவில், ஒரு பிக்சல் நகர்வை மட்டும் அனுமதித்தால், அங்கே ஒரு படம் 16 வினாடி தாங்கும். இங்கே நான்கே வினாடி.

வேலூர் மாணவர் ஒருவர் இங்கிலாந்துக்கெனக் கணித்த அட்டவணையை நம்பி 16 வினாடி வைத்தார். மூலை விண்மீன்கள் வில்லாக வளைந்ததைக் கண்ட நண்பர்கள் லென்ஸைக் குறை கூற, அவர் மூலைகளைச் சீராக்கும் ஃபீல்டு ஃபிளாட்னர் லென்ஸ் ஒன்றை வாங்கினார். வளைவு அப்படியே இருந்தது. லென்ஸ் குறையானால் வினாடியைக் குறைத்தாலும் மூலை வடிவம் மாறாது. சுழற்சியானால், மையத்தை வட்டமிடும் அந்தக் கோடுகள் குறுகிவிடும். காசு செலவழிக்கும் முன் இரண்டு வினாடிப் படம் ஒன்றை எடுத்துப் பார்க்க ஏன் எவருக்கும் தோன்றுவதில்லை என்பது இன்றும் எரிச்சலூட்டுகிறது. அதே நெபுலா கிழக்கில் 30 பாகை உயரத்தில் இருக்கையில் சுழற்சி மணிக்கு 4 பாகைதான். 45 வினாடி வரை வைக்கலாம்.

வேகத்தை நேரத்தால் பெருக்குவது

வேகம் நொடிக்கு நொடி மாறுவதால், மொத்தச் சுழற்சிக்குத் தொடக்க, முடிவு நேரங்களின் பேரலாக்டிக் கோணங்களை (விண்மீனிலிருந்து பார்க்கையில் வான வடதுருவத் திசைக்கும் தலைக்கு மேலான உச்சித் திசைக்கும் இடையிலான கோணம்) ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும். ஓரியன் நெபுலாவுக்கு உச்சத்தின் இருபுறமும் ஒரு மணி நேரம் எடுத்தால் 78 பாகை வரும். உச்சத்தின் வேகத்தை இரண்டு மணி நேரத்தால் பெருக்கினால் 93 என்று பொய் சொல்லும்.

ஈக்வடோரியல் மவுண்டில் சுழற்சியே இல்லை என நம்புவது

ஈக்வடோரியல் மவுண்ட், பூமியின் அச்சுக்கு இணையான துருவ அச்சில் சுழல்வது. காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஈக்வடோரியல்தான். ஆனால் அதன் துருவ அச்சு நிலையாகப் பொருத்தப்பட்டது. நம் முக்காலியை ஒவ்வோர் இரவும் புதிதாகச் சீரமைக்க வேண்டியிருக்க, துருவ விண்மீனோ 13 பாகை உயரத்தில் குன்றுக்கும் மூட்டத்துக்கும் பின்னே மறைந்துவிடுகிறது. அச்சு ஒரு பாகை விலகினால், வான நடுவரை அருகே மணிக்குக் கால் பாகை வரை சுழற்சி நேரலாம். மவுண்ட் தன்னைத் திருத்திக்கொள்ளப் பின்தொடரும் வழிகாட்டும் விண்மீன் அசையாமல் இருப்பது இதை மறைக்குமே தவிர நீக்காது.

வெட்ஜ்

இது ஆல்ட்-அசிமுத் மவுண்டைச் சாய்த்து ஈக்வடோரியலாக்கும் ஆப்பு. நம் அட்சரேகையான 13 பாகை வரை தாழுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நாஸ்மித் குவியம்

ஏற்ற அச்சின் முனையில், தொலைநோக்கியின் பக்கவாட்டில் படம் விழும் இக்குவியத்தில், பேரலாக்டிக் கோணத்தோடு ஏற்றக்கோணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூட்டுவதா கழிப்பதா என்பது கருவி எந்தப் பக்கம் பொருத்தப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது.