வீட்டில் கட்டும் விமானம்: பிரேக் குழாயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாயை நசுக்காதே, கீறாதே, நட்டை இறுக்க மறக்காதே என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் ஹேங்கருக்குள் நுழைந்தால், நாங்கள் அந்தக் காலத்தில் பண்ணிய அதே கோளாறுகள் புது ஆட்களின் கையில் பளபளவென்று மின்னுகின்றன. பெரும்பாலும் எந்த இடத்துக்கு எந்தப் பொருள் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

கேலிப்பர் வரைக்கும் நைலான்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பர்ட் ரூட்டன் வடிவமைத்து 1979-ல் முதன்முதலில் பறந்த லாங் ஈஸி விமானத்தின் வரைபடத்திலேயே பிரேக்குக்கு நைலான் குழாய்தான். எடை இல்லை, விலை குறைவு, துருப்பிடிக்காது, சக்கரத்தைத் தாங்கும் ஃபைபர் கிளாஸ் காலின் பின்விளிம்போடு ஒட்டி இறக்கிவிடலாம். உடலுக்குள் ஓடும் நீளத்துக்கு அதில் நான் குறை சொல்ல மாட்டேன். தகராறு, சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரை ஒட்டிய கடைசி ஒரு முழத்தில்.

600 கிலோ விமானத்தை 60 நாட் (மணிக்கு சுமார் 111 கி.மீ.) வேகத்திலிருந்து பிரேக்காலேயே நிறுத்தினால் ஏறத்தாழ 2,90,000 ஜூல் இரண்டு சின்ன டிஸ்க்குகளுக்குள் போகிறது. அதுவே 80 நாட் என்றால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். போதாததற்கு லாங் ஈஸியின் முன்சக்கரம் தன்போக்கில் திரும்புவது. தரையில் மெதுவாகப் போகும்போது திருப்புவதும் ஒரு பக்கப் பிரேக்கால்தான். இன்னொன்று: விமானம் நின்ற பிறகுதான் டிஸ்க்கின் சூடு நிதானமாகக் கேலிப்பருக்கும் குழாய்க்கும் ஏறும். சக்கரத்துக்கு மூடி போட்டிருந்தால் காற்றும் படாது.

ஓர் இளைஞர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "ராத்திரி முழுக்க அழுத்தத்திலேயே வைத்திருந்தேன், ஒரு சொட்டு கசியவில்லை." குளிர்ந்த ஹேங்கரில் எப்படிக் கசியும்? நைலான் பலம் இழப்பது சூட்டில். மாற்றச் சொன்னேன், சரி, அப்புறம் பார்க்கலாம் என்றார். பக்கவாட்டுக் காற்று அடித்த ஒரு நாள், ஓடுபாதை வரைக்கும் ஒரே பெடலை மிதித்துக்கொண்டே போயிருக்கிறார். திரும்பும்போது பெடல் கொழகொழவென்று இறங்கியது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், கேலிப்பரை ஒட்டிய இடத்தில் குழாய் எலியை விழுங்கிய பாம்பு மாதிரி உப்பி, டீ நிறத்தில் பழுத்திருந்தது. நகத்தால் அழுத்தினால் குழி விழுந்தது.

வெடிக்காதது அவர் அதிர்ஷ்டம். பிரேக்குக்கு வழக்கமாக ஊற்றும் 5606 ரகச் சிவப்பு எண்ணெய்க்குத் தீப்பற்று நிலையின் குறைந்தபட்ச வரம்பு வெறும் 82 டிகிரி செல்சியஸ். அது பழுக்கச் சூடான டிஸ்க் மேல் பீய்ச்சி அடித்தால் என்ன ஆகும்? எரிவது சக்கரத்தோடு நிற்காது. லாங் ஈஸியில் பெட்ரோல் இருப்பதே இறக்கை உடலோடு சேரும் இடத்தில், கிட்டத்தட்டச் சக்கரத்துக்கு மேலே.

கடைசித் துண்டுக்கு எஃகு வலை பின்னிய, வளையக்கூடிய டெஃப்லான் ஹோஸ் போடுங்கள். டிஸ்க்கை விட்டு விலக்கி ஓட்டுங்கள், இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். எண்ணெயை 83282 ரகத்துக்கு மாற்றலாம். அதன் வரம்பு 205 டிகிரி, 5606-ஓடு கலந்தாலும் கெடாது. கேலிப்பரில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் நைட்ரைல் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) எடுத்துவிட்டு, விட்டான் (Viton) ரப்பரில் செய்ததைப் போடுங்கள். குழாயை மட்டும் மாற்றிவிட்டு ஓ-ரிங்கை விட்டுவைத்தால், அடுத்து ஒழுகுவது அதுதான்.

அலுமினியத்தை ஆடவிடுவது

5052-ஓ ரகம், கால் அங்குலம், 0.035 அங்குலச் சுவர்: அசையாத இடத்துக்கு அருமையான குழாய். மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெடலோடு சேர்ந்து அசையும்; அதில் நேரே கொண்டுபோய் மாட்டினால், ஃப்ளேருக்கு (குழாயின் விரித்த வாய்க்கு) பின்னால் மயிரிழை விரிசல் விடும். குழாயைச் சுற்றிய ஸ்லீவ் வளையம் மறைத்திருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. அசையும் இடத்தில் ஹோஸ்.

செம்பு

வேண்டாம். அதிர்வில் கெட்டிப்பட்டு விரிசல் விடும்.

கார் பிரேக் ஆயில்

பக்கத்துக் கடையில் கிடைக்கிறதே என்று டாட் 3 ஊற்றுகிறார்கள். அது கிளைகால் (glycol) வகை. நைட்ரைல் சீல் அதில் ஊறிக் கெட்டுவிடும். அப்புறம் வெறும் எண்ணெயை வடித்தால் போதாது, எல்லா சீலையும் மாற்ற வேண்டும்.

ஃப்ளேர் கருவி

கார் பட்டறையில் இருப்பது 45 டிகிரி. விமானத்துக்கு 37.

ஃப்ளேரில் டெஃப்லான் டேப்

சுற்றவே கூடாது. ஃப்ளேரில் உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்துதான் அடைக்கிறது. பிய்ந்த இழை கேலிப்பருக்குள் போய் அடைத்தால், காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது.