துவக்கு ஆடாமல் இருக்க, கட்டையைக் கவிழ்த்துப் பாருங்கள்

மேசையில் வைத்துத் தூரத்து இலக்கைச் சுடப் பழகும் திருகோணமலைத் தம்பிமாருக்கு: தொலைநோக்கியை மாற்றும் முன் துவக்குக் கட்டையின் (குழலைத் தாங்கும், தோளில் அணைக்கும் பகுதியின்) அடியைப் பாருங்கள். முன்பக்கம் தட்டையாக, 3 அங்குலம் அகலமாக இருந்தால் மணல் மூட்டையில் சாயாது.

பின்பக்கம்தான் முக்கியம். அடிவிளிம்பு குழலுக்கு இணையாக இல்லாமல் பின்னோக்கித் தாழ்ந்திருந்தால், சுட்டதும் துவக்கு பின்னால் உதைக்கும்போது பின்பகுதி இறங்கிக் குழல்வாய் எழும்பும். பாகையில் 60இல் ஒரு பங்கு சாய்ந்தாலே 1000 யாரில் 10 அங்குலம் தவறும்.

துவக்கு வெறுமையா என்று இரண்டு முறை பாருங்கள். அப்புறம் அதை மூட்டைமேல் வைத்து, மெதுவாக ஓர் அங்குலம் பின்னுக்கு இழுத்தபடி தொலைநோக்கியில் கவனியுங்கள். குறுக்குக்கோடு இலக்கிலேயே நின்றால் கட்டை சரி.

மூட்டைக்குக் கடல் மணல் என்றால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். புல்மோட்டைக் கறுப்பு மணல்போலப் பாரமான மணல் இன்னும் நன்றாக அமர்ந்திருக்கும்.